மடங்கும் கூடாரம்



வானொலியிற் பேச வருவோர் பெரும்பாலும் பெரிய பொருள்களையே தேர்ந்தெடுப்பர். இலக்கியம், சமயம், வரலாறு, விஞ்ஞானத்தின் புதுமைகள் என அவை விரியும். நான் இன்று எடுத்துக்கொண்டது மிகச் சிறிய பொருள். குதிரை பூட்டிய பக்கி வண்டியின் கூடாரத்தை, வண்டியை விட்டு இறங்காமலே, இருக்கையில் அமர்ந்தபடியே மடக்கி இறக்குவதற்கென்று அமைத்த ஒரு கைப்பொறி. அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

வண்டியும் போயிற்று, குதிரையும் போயிற்று, போன வண்டியின் உறுப்பொன்றைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பெரிய தேர் உருள்வதற்கும் சிறிய அச்சாணி வேண்டும் என்பதை வள்ளுவர் எடுத்துக்காட்டினார். அந்த அச்சாணியைப் போலவே, சிறு பொறி ஒன்று ஒரு காலத்தின் வாழ்க்கையைத் தன்மேல் தாங்கி நிற்பதுண்டு. யார் வண்டியில் ஏறினார், யார் நிழலில் இருந்தார், யார் வெயிலில் நடந்தார் என்பனவெல்லாம் அந்தக் கூடாரத்தோடு ஒட்டிய செய்திகளே. நான் கலைப் பட்டதாரி, பொறியியல் கற்றவனல்லன். ஆயினும் நெம்புகோலின் தத்துவத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரிந்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலிலே வண்டியின் மேல் மூடி என்பதைப் பற்றிச் சிறிது பார்ப்போம். தமிழருக்கு வண்டி புதிதன்று. தேர், சகடம், வையம், பாண்டில் என்று பழைய நூல்கள் பல பெயர்களைச் சொல்லுகின்றன. சிலப்பதிகாரத்தில் மதுரையின் கடைவீதியைக் கூறுமிடத்தே வையமும் பாண்டிலும் வருகின்றன. பழைய உரைகாரர் கூடாரப் பண்டி என்ற சொல்லையும் ஆண்டிருக்கின்றனர். ஆகவே வண்டிக்குக் கூடாரம் இடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்ததென்பது தெளிவு. நம் யாழ்ப்பாணத்து மக்கள் வண்டியை 'வண்டில்' என்றே சொல்லுவர். கிடுகும் ஓலையும் கொண்டு வளைத்து மேய்ந்த கூடார வண்டிலிற் பாயை விரித்து, குடும்பத்தோடு நல்லூர்த் திருவிழாவுக்கும் வல்லிபுரக் கோயிலுக்கும் செல்வது முன்னோர் வழக்கம். அந்தக் கூடாரம் நிலையானது. வீட்டுக்குக் கூரை எப்படியோ, வண்டிலுக்கு அது அப்படியே. வெயில் தணிந்தது, காற்று வாங்குவோம் என்று அதை மடக்க முடியாது.

மடங்கும் கூடாரம் மேலைநாட்டு வண்டிகளோடு நம் நாடுகளுக்கு வந்தது. ஐரோப்பாவிலே பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வண்டி கட்டும் கலை மிகவும் வளர்ந்தது. ஜேர்மனியிலுள்ள லாண்டாவ் என்னும் ஊரின் பெயரால் வழங்கிய வண்டிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு தோற்கூடாரங்கள். இரண்டையும் உயர்த்தினால் நடுவிலே கூடி முழு அறையாகும், இறக்கினால் திறந்த வண்டியாகும். பிரெஞ்சுக்காரரின் கப்ரியோலே என்பது இரண்டு சக்கரமும் ஒரு கூடாரமும் உடைய இலேசான வண்டி. அப்பெயரைச் சுருக்கியே ஆங்கிலேயர் 'கேப்' என்றனர். இன்று வாடகை மோட்டாரை 'டாக்சி கேப்' என்று சொல்லும்போது, நாம் அறியாமலே, மடங்கும் கூடாரம் உடைய ஒரு குதிரை வண்டியின் பெயரைத்தான் சொல்லுகிறோம். விக்டோரியா அரசியின் பெயர் தாங்கிய வண்டி பம்பாய்த் தெருக்களில் நெடுங்காலம் ஓடியது. 2015 ஆம் ஆண்டிலே அந்நகரத்து உயர் நீதிமன்றம் அவ்வண்டிகளை நிறுத்துமாறு தீர்ப்பளித்தது.

பக்கி என்பது இக்குடும்பத்தின் எளிய பிள்ளை. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் அது இரண்டு சக்கர வண்டி. அமெரிக்காவிலோ நான்கு சக்கர வண்டி. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் பக்கி என்றால் கூடாரம் உடைய வண்டியையே கருதினர். கூடாரம் இல்லாமல் இந்நாடுகளின் வெயிலிலே யார் வண்டி ஓட்டுவார்? வேறொரு செய்தியும் உண்டு. நம்முடைய 'வண்டி' என்னும் சொல்லையே அவர்கள் 'பண்டி' என்று தம் மொழியிலே ஏற்றுக்கொண்டு, மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் பொதுவாக வழங்கினர். நாம் அவர்களிடமிருந்து கூடாரத்தின் மூட்டை வாங்கினோம். அவர்கள் நம்மிடமிருந்து வண்டியின் பெயரை வாங்கினர்.

யாழ்ப்பாணத்திலே குதிரை எப்போதும் அரிய பொருள்தான். இக்குடாநாட்டிலே ஆறு இல்லை, புல்வெளி குறைவு, தோட்டமும் பனங்கூடலுமே அதிகம். குதிரை கடல் கடந்து வந்தது. நயினாதீவிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால், அதன் பொருளிலே நான்கில் ஒரு பங்கைப் பண்டாரம் எடுத்து, மூன்று பங்கை உடையவனுக்கு விடவேண்டும் என்றும், வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதியை எடுக்கவேண்டும் என்றும் அக்கல்வெட்டு கூறுகிறது. குதிரை வணிகனுக்கு அரசன் காட்டிய சலுகை, குதிரையின் அருமையை நமக்கு உணர்த்துகின்றது. பின்பு ஐரோப்பியர் காலத்திலே நெடுந்தீவிற் குதிரை வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தீவை ஆண்ட நோலன் என்னும் ஆங்கில அதிகாரி அதனை முயன்று நடத்தினார். இன்றும் அத்தீவிலே கல்லாற் கட்டிய குதிரை இலாயத்தின் எச்சங்களைக் காணலாம். கட்டுவாரும் ஓட்டுவாரும் இல்லாத மட்டக் குதிரைகள் தாமாகவே மேய்ந்து திரிவதையும் காணலாம்.

ஆகவே குதிரை வண்டி வைத்திருந்தோர் சிலரே. கச்சேரி அதிகாரிகள், நீதிபதிகள், வழக்கறிஞர், வைத்தியர், வசதி படைத்த குடும்பத்தார் ஆகியோரே அவர்கள். மற்றையோருக்கு மாடே துணை. 1905 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணி ஏற்க வந்த லெனாட் வூல்ஃப், அநுராதபுரத்துக்கு வடக்கே தாம் வந்த 'கோச்சு' என்பது பெயரளவிலேதான் கோச்சு என்றும், தபாற் பைகளின்மேல் பிரயாணிகள் படுத்து வந்த மாட்டு வண்டியே அது என்றும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவ்வாண்டிலேயே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிற் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. ரயில் வந்த பின்பும், நிலையத்திலிருந்து வீட்டுக்குச் செல்ல வண்டிதான் வேண்டியிருந்தது.

இனிப் பொறிக்கு வருவோம்.

பக்கியின் கூடாரம் எப்படி அமைந்தது? மரச்சட்டத்தை நீராவியிலே பதப்படுத்தி, வில்லைப் போல வளைப்பார்கள். இப்படி மூன்று அல்லது நான்கு வளைசட்டங்கள். இவை அனைத்தின் அடியும் இருக்கையின் இருபுறத்திலும் உள்ள இரும்பு முளையிலே சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கும். ஓலை விசிறியை விரித்தால் அதன் ஈர்க்குகள் ஒரே அடியிலிருந்து விரிவதைப் போல, இச்சட்டங்களும் விரியும். அவற்றின்மேல் பதனிட்ட தோலைப் போர்த்துத் தைப்பார்கள். விரித்தால் கூடாரம், சுருக்கினால் இருக்கையின் பின்னே ஒரு தோற்சுருள்.

விரித்த கூடாரம் தானாக நில்லாது. அதனை இழுத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். இதற்காகக் கூடாரத்தின் வெளிப்புறத்திலே, இரண்டு பக்கமும், இரண்டு துண்டாக அமைந்த இரும்புக் கோல் ஒன்று உண்டு. நடுவிலே முழங்கை போன்ற மூட்டு. உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். கை மடங்கியிருக்கும்போது யாரும் அதனை எளிதில் தள்ளிவிடலாம். முழங்கை நேராக நிமிர்ந்துவிட்டால், உள்ளங்கையிலே எவ்வளவு தள்ளினாலும் கை மடங்காது. அதே தத்துவந்தான். மூட்டு நேர்கோட்டைச் சற்றுக் கடந்து மறுபக்கம் சாய்ந்தவுடன் தானே பூட்டிக்கொள்ளும். காற்று எவ்வளவு மோதினாலும், தோல் எவ்வளவு இழுத்தாலும், அந்த இழுவையே பூட்டை மேலும் இறுக்கும்.

இதில் மற்றொரு விந்தையும் உண்டு. மூட்டு நேராவதற்கு அண்மையில் வரும்போது, சிறு விசை பெருவிசையாக மாறுகிறது. எங்கள் கணித ஆசிரியர் எனக்குக் கணக்கிட்டுக் காட்டினார். இரு கோல்களும் சம நீளமானவை என்று கொள்வோம். ஒவ்வொன்றும் நேர்கோட்டிலிருந்து 5 பாகை விலகி நிற்கும்போது மூட்டிலே நாம் கொடுக்கும் விசை, கோலின் முனையில் ஏறத்தாழ ஐந்தரை மடங்குக்கு மேலாகிறது. விலகல் 1 பாகையாகக் குறையும்போது அதுவே 28 மடங்கைக் கடந்துவிடுகிறது. தடித்த தோலைப் பறைபோல விறைப்பாக இழுத்துக் கட்டுவதற்கு ஒரு மனிதனின் கட்டைவிரல் போதுமானதாக இருந்ததன் காரணம் இதுவே.

ஆனால் இங்கேதான் இடர்ப்பாடு தோன்றியது. பூட்டு வெளியிலே, மனிதன் உள்ளே. கூடாரத்தை இறக்க வேண்டுமானால், வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, ஒரு பக்கத்து மூட்டை மேலே தட்டி உடைத்து, வண்டியைச் சுற்றிப் போய் மறுபக்கத்து மூட்டையும் உடைத்து, பின்பு கூடாரத்தைப் பின்னே சாய்க்க வேண்டும். இருவர் இருந்தால் எளிது. தனித்துச் செல்வோருக்கோ பெருந் தொல்லை. நள்ளிரவில் நோயாளியைப் பார்க்கச் செல்லும் வைத்தியரை நினைத்துப் பாருங்கள். அல்லது தானே வண்டி ஓட்டிச் செல்லும் ஒரு பெண்மணியை நினைத்துப் பாருங்கள். கடிவாள வாரைக் கைவிட்டு இறங்கவேண்டும். குதிரை மாட்டைப் போன்றதன்று. மாடு நின்ற இடத்திலே அசைபோட்டு நிற்கும். குதிரையோ தலைக்குப் பின்னே ஏதோ கறுத்த பொருள் சரிந்து விழுகிறதென்று கண்டால் மிரண்டு ஓடும். ஓட்டுபவன் கீழே, வண்டி தெருவிலே. வார் கையை விட்டு நீங்கக் கூடாது என்பது குதிரை வண்டிக்காரரின் முதல் விதி. கூடாரம் அந்த விதியை மீறும்படி மனிதனைக் கட்டாயப்படுத்தியது.

காற்றையும் மறத்தலாகாது. யாழ்ப்பாணத்திலே வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும். மாரியிலே வாடை வீசும். கடலோரத் தெருவிலே எதிர்க்காற்றில் விரித்த கூடாரம் கப்பற் பாயைப் போலாகும். குதிரை முன்னே இழுக்கும். காற்று பின்னே தள்ளும். திடீரென்று கூடாரத்தை இறக்குவது அங்கே சொகுசுக்காக அன்று, பாதுகாப்புக்காகவே.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கவே கைப்பொறி பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அமெரிக்காவில் பக்கி வண்டி பெருகியது. தொழிற்சாலைகள் அவ்வண்டிகளைப் பெருந்தொகையாகச் செய்து மலிவாக விற்றன. கமக்காரனும் வாங்கினான், கடைக்காரனும் வாங்கினான். கூலி கொடுத்து வண்டிக்காரனை வைக்க இயலாதவர்கள் தாமே ஓட்டினர். அவர்களுக்காகவே சிறு ஊர்களிலிருந்த கொல்லரும் வண்டி செய்வோரும் பலவகைப் பொறிகளைக் கண்டுபிடித்து ஆக்கவுரிமை பெற்றனர். வகை பலவாயினும் அடிப்படை ஒன்றே. இருக்கையின் பக்கத்திலே ஒரு கைப்பிடி. அது ஒரு நெம்புகோல். இருக்கையின் பின்புறமாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, ஒரு குறுக்குத் தண்டு. அத்தண்டின் இரு முனைகளிலும் குறுங்கைகள். அவற்றிலிருந்து இணைகோல்கள் சென்று இரண்டு முழங்கை மூட்டுகளையும் பற்றியிருக்கும். கைப்பிடியை இழுத்தால் தண்டு திரும்பும். தண்டு திரும்பினால் இரு மூட்டுகளும் ஒரே கணத்தில் உடையும். கூடாரம் பின்னே சாயும். ஒரு கையிலே வார், மறுகையிலே நெம்புகோல்.

'ஒரே கணத்தில்' என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தினால் வளைசட்டம் முறுகும், தையல் கிழியும். இரண்டு பக்கத்தையும் ஒரு தண்டினாற் பிணைத்ததே இப்பொறியின் உயிர். அடுத்து, பாரமான கூடாரம் தடாலென்று விழுந்தாலும் தீங்கு. அதற்காகச் சுருள்வில்லை வைத்து, இறங்கும்போது பாரத்தைத் தாங்கவும் ஏறும்போது உதவவும் செய்தனர். இறங்கும் வேளையில் இறுகிச் சேமித்த விசையை ஏறும் வேளையில் திருப்பிக் கொடுக்கும் சுருள்வில், நல்ல கடன்காரனைப் போன்றது; வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

பொறி எவ்வளவு நன்றாயினும் பராமரிப்பு இல்லாவிடின் பயன் இல்லை. நனைந்த தோலை மடித்தால் மடிப்பிலே பூஞ்சணம் பிடிக்கும், பின்பு வெடிக்கும். ஆகவே மழையிலிருந்து வந்தவுடன் கூடாரத்தை விரித்தபடியே கொட்டகையில் விட்டு உலர்த்த வேண்டும். ஓடாத நாளிலும் விரித்தே வைக்கவேண்டும். மூட்டுகளுக்கு எண்ணெய் இடவேண்டும். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களிலே இரும்பு விரைவிலே துருவேறும். துருவேறிய மூட்டு வேண்டிய நேரத்திலே மடங்காது. எளிதாக மடக்கும் பொறி கிடைத்தவுடன், நனைந்த கூடாரத்தையும் மடக்கிவிடும் ஆசை மனிதனுக்கு வந்தது. வசதி வந்தால் கவனம் குறைவது உலக இயல்பு. பொறியைச் செய்தவன் அதற்கு மருந்து செய்ய முடியாது.

இப்போது நான் முதலிலே குறிப்பிட்ட செய்திக்கு வருகிறேன். நிழல் யாருக்கு?

கூடாரம் என்பது ஒரு நகரும் நிழல். குடையும் அவ்வாறே. நம் சமூகத்திலே நிழல் எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள், செருப்பு அணியவும், தோளிலே சால்வை இடவும், குடை பிடிக்கவும் தடை இருந்த காலம் மிகப் பழையதன்று. தன் கையால் மரத்தை இழைத்து, இரும்பை அடித்து, தோலைப் பதனிட்டு வண்டியை உருவாக்கியவர்களிலும், அந்த வண்டியின் கூடாரத்துக்குக் கீழே அமர உரிமை இல்லாதோர் இருந்தனர். குதிரை வண்டி போய் பஸ் வந்த பின்பும் இந்நிலை முற்றாக மாறவில்லை. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவரும் ஆசனத்தில் அமராமல் பஸ்ஸின் தரையில் இருக்க வேண்டிய அவலம் இங்கே நிலவியது. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமையை எதிர்த்தது. பள்ளிகளிலே பிள்ளைகள் அனைவரும் சம ஆசனத்தில் இருந்து சம போசனம் செய்யவேண்டும் என்ற போராட்டம் 1920களிலும் 1930களிலும் நடந்தது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், பொது இடங்களில் இத்தகைய தடைகளைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்பும் கோயில் வாசலுக்காகவும் தேநீர்க் கடை ஆசனத்துக்காகவும் மக்கள் போராட வேண்டியிருந்ததை நாம் அறிவோம்.

இதனை நான் வண்டியின் பேச்சிலே கொண்டுவந்து நுழைப்பதாக எண்ணவேண்டாம். ஒரு பொறியைப் பற்றிப் பேசும்போது அது யாருடைய உழைப்பைக் குறைத்தது, யாருக்குப் பயன்பட்டது என்று கேட்பது கடமை. வண்டிக்காரன் ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்திருந்த வீட்டிலே இந்தக் கைப்பொறிக்கு வேலையே இல்லை. மழை வந்தால் அவன் இறங்குவான், நனைவான், மூட்டை நிமிர்த்துவான். எசமானுக்கு ஒரு துளியும் படாது. மனிதன் மலிவாக இருக்கும் இடத்திலே பொறி பிறப்பதில்லை. தானே ஓட்டி, தானே நனைந்தவனுக்குத்தான் அது தேவைப்பட்டது. அமெரிக்காவிலே அத்தனை பொறிகள் பிறந்ததற்கும், நம் நாடுகளிலே பிறவாமைக்கும் அறிவின் குறைவு காரணம் அன்று. வேலையை வேறொருவன் தலையில் வைக்கும் பழக்கமே பெரிய காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

குதிரை போனபின் கூடாரம் எங்கே போயிற்று? அது போகவில்லை. 1870 ஆம் ஆண்டளவில் ஜப்பானிலே தோன்றிய றிக்சா வண்டி அதே கூடாரத்தைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது. கொழும்புத் தெருக்களிலே மனிதன் குதிரையின் இடத்திலே நின்று இழுத்தான். கூடாரத்துக்குள் மற்றொரு மனிதன் இருந்தான். குழந்தையைத் தள்ளிச் செல்லும் கைவண்டியைப் பாருங்கள். அதன் பக்கத்திலே சிறிய முழங்கை மூட்டு இருக்கும். பக்கியின் மூட்டே அது, அளவுதான் குறைவு. மேலைநாட்டுப் பிணவண்டிகள் சிலவற்றின் பின்பக்கத்திலே பாம்புபோல் வளைந்த ஒரு உலோகச் சட்டத்தைக் காணலாம். லாண்டாவ் வண்டியின் கூடாரத்தைத் தாங்கிய கோல் அது. இன்று அது எதையும் தாங்குவதில்லை. வெறும் அலங்காரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மோட்டார் வண்டிகளும் முதலிலே பக்கியின் கூடாரத்தையே அணிந்து வந்தன. நம் பெருந்தெருக்களில் ஓடிய மொறிஸ் மைனர் வண்டியிலே மடங்கும் துணிக்கூடாரம் உடைய வகையும் ஒன்று. கையால் மடக்கும் வேலையை இயந்திரத்திடமே ஒப்படைக்கும் முயற்சி 1930களில் வெற்றி கண்டது. பிரான்சிலே ஜோர்ஜ் போலின் என்பவர், இரும்புக் கூரை முழுவதும் பின்புறப் பெட்டிக்குள் சென்று மறையும் அமைப்பொன்றை வகுத்தார். 1934 இல் அது பேஜோ வண்டிகளிலே வெளிவந்தது. அவர் தொழிலாலே பல் வைத்தியத் துறையைச் சேர்ந்தவர் என்பது வியப்பான செய்தி. பின்பு அவர் தம் நாட்டை ஆக்கிரமித்த நாற்சிகளை எதிர்த்து இரகசியமாகப் பணியாற்றி, 1942 இல் அவர்களாற் கொல்லப்பட்டார். அமெரிக்காவிலே 1939 இல் பிளிமத் நிறுவனம், இயந்திரத்தின் உறிஞ்சு விசையாலே கூடாரத்தை ஏற்றி இறக்கும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். ஆயினும் பொத்தானுக்குப் பின்னே, உள்ளே மறைந்து, அதே முழங்கைதான் மடங்குகிறது, நிமிர்கிறது.

யாழ்ப்பாணத்தாருக்கு இக்கதையிலே ஒரு தனிப் பங்கு உண்டு. தேவை வந்தபோது நாமும் பொறிகளைக் கண்டோம். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, மின்கலங்களுக்கும் தடை. அப்போது நம் மோட்டார் மெக்கானிக்குகள் பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓடச் செய்தார்கள். குளிர்ந்த இயந்திரத்திலே மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே முதலிலே சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். சிறு பிளாஸ்டிக் போத்தலிலே அந்தச் சில துளியைப் பொன்போலக் காத்தனர். பழைய வண்டிகளின் இயந்திரத்திலே அழுத்தம் குறைவாதலால் அவை அந்த எரிபொருளைப் பொறுத்துக்கொண்டன. உலகம் கழித்து ஒதுக்கிய பழைய வண்டி, நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றது.

மின்கலம் இல்லாத வீடுகளிலே சைக்கிளை நிறுத்தி வைத்து, மிதியைக் கையாலே சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தாலே வானொலி கேட்டோம். நானும் சுற்றியவர்களுள் ஒருவன். கை தளர்ந்தால் குரலும் தளரும். மாறி மாறிச் சுற்றுவதற்கு அயல்வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். செய்திக்காக முதியோர் காத்திருப்பர். பாட்டுக்காக இளையோர் காத்திருப்பர். இப்போது என் குரலைக் கேட்டுக்கொண்டிருப்போரிலும் அந்நாளில் மிதி சுற்றிய கைகள் பல இருக்கும் என்று நம்புகிறேன்.

அந்தப் பொறிகளுக்கு ஆக்கவுரிமை ஏதும் பதியப்படவில்லை. முதன்முதலில் அவ்வாறு செய்து பார்த்தவர் யாரென்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. இதிலேதான் என் மனக்குறை. அமெரிக்கச் சிற்றூர்க் கொல்லன் ஒருவன் பக்கியின் கைப்பிடியைச் சிறிது திருத்தினாலும், அதன் படத்தை வரைந்து, உறுப்புகளுக்கு எழுத்திட்டு, விளக்கம் எழுதி, அரசாங்க அலுவலகத்திலே பதிவு செய்தான். நூறு ஆண்டுக்குப் பின்பும் ஒருவர் அதைப் படித்து அவ்வாறே செய்து பார்க்கலாம். நம் தச்சரும் கொல்லரும் மெக்கானிக்குகளும் செய்தவை அவரவர் கையோடு போயின. கூடாரச் சட்டத்தை வளைக்கும் பதம், தோலை இழுத்துத் தைக்கும் முறை, சக்கரத்துக்குச் சூட்டோடு இரும்புப் பட்டம் இடும் திறமை ஆகியவற்றைத் தந்தை மகனுக்குக் கையாற் காட்டினார்; எழுத்தாற் காட்டவில்லை. எழுதுவதற்கு அவரைப் பள்ளியிலே நாம் இருத்தவில்லை. இருத்தியபோதும் பலகாலம் தரையில் இருத்தினோம். எழுத்தறிந்தவரோ கைத்தொழிலைத் தாழ்வென்று எண்ணினர். கையும் எழுத்தும் பிரிந்து நின்றதால் இருதிறத்தாரும் இழந்தனர்.

பள்ளித் தலைவன் என்ற முறையிலே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அயலிலோ பழைய வண்டி வேலையோ, மோட்டார் வேலையோ, தச்சு வேலையோ தெரிந்த முதியோர் இருந்தால், பிள்ளைகளை அவரிடம் அனுப்புங்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள். ஒரு பொருளின் படத்தை வரையட்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் சொல்லும் பெயரை, அவர் சொல்லும் விதமாகவே எழுதட்டும். அது எப்படி வேலை செய்கிறது என்று ஐந்து வாக்கியம் எழுதட்டும். எங்கள் பள்ளியிலே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதனைத் தவணைப் பயிற்சியாகக் கொடுத்து வருகிறோம். நீர் இறைக்கும் துலாவைப் பற்றி ஒரு மாணவி எழுதிவந்தாள். அதன் உறுப்புகளின் பெயர்களிலே எனக்குத் தெரியாத சொற்கள் நான்கு இருந்தன. அவளுடைய பாட்டனார் பள்ளிக்குச் சென்றவரல்லர். அந்தக் கொப்பியை எங்கள் நூலகத்திலே வைத்திருக்கிறோம். அட்டையில் இருவர் பெயரும் இருக்கின்றன.